ஹெரால்டின் பின்சக்கரங்கள்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையோரங்களில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறைகள் உண்டு. கருங்கல் ஏற்றும் லாரிகளும், மாங்கூழ் ஆலைகளுக்குப் பழம் கொண்டுவரும் வண்டிகளும் ஓடுகிற வட்டாரம் என்பதால் அவற்றுக்கு வேலை குறைவதில்லை. வண்டியின் பின்பகுதி தாழ்ந்துவிட்டது என்று யாரேனும் போய் நின்றால், அங்கே கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: பட்டையைக் காய்ச்சி வளைவேற்றுவது, அதுவும் போதாதென்றால் இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கட்டுவது. லாரிக்கு இது சரியான வைத்தியம். அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும்கூடப் பெரிய கேடில்லை. அமர்ந்து செல்பவர்க்கு முதுகு வலிக்கும், அவ்வளவே. ஆனால் இதையே ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குச் செய்தால், அந்தக் கார் முன்பிருந்ததைவிட ஆபத்தானதாகிவிடும். ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டு போனால், சென்னையின் கார்த் தொழில் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயத்திற்கு வந்து சேர்கிறோம்.

பழைய காரை, அதிலும் கொஞ்சம் துடிப்பான காரை வைத்திருப்போர் எல்லோரும் ஒருநாள் எதிர்கொள்ளும் கேள்வி இது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தேய்ந்துவிட்டன. முதலில் இருந்ததைப் போன்றதையே வாங்கிப் பூட்டுவதா, அதைவிட மேலானதை வாங்குவதா? சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே போகும் பழைய கார்கள் பல கடந்து செல்லும் ஓசூரில் இக்கேள்விக்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1980இல் அசோக் லேலண்டின் தொழிற்சாலையும், டி.வி.எஸ். 50 மொப்பெட்டைத் தந்த தொழிற்சாலையும் இங்கே இயங்கத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழில்கள் பெருகின. கேப்ரியல் இந்தியா நிறுவனத்திற்கும் இங்கே ஓர் ஆலை உண்டு; இருசக்கர வண்டிகளுக்கான ஷாக் அப்சார்பர்கள் அங்கே உருவாகின்றன. மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை அடக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் கணிசமாக வாழும் ஊர் என்று ஓசூரைச் சொல்லலாம்.

கேப்ரியல் என்ற பெயரைப் பற்றி ஒரு சிறு விலகல். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காரின் புகைக்காற்றைக் கொண்டே ஊதும் ஒரு ஊதலைச் செய்தார். எக்காளம் ஊதும் தேவதூதரின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு அவர் செய்த ‘ஸ்னப்பர்’ என்ற கருவிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அழுந்திய ஸ்பிரிங் துள்ளி எழும்போது ஒரு பட்டைவாரின் உராய்வால் அதை இழுத்துப் பிடிக்கும் எளிய ஏற்பாடு அது. எண்ணெயால் இயங்கும் குழாய் வடிவ ஷாக் அப்சார்பர் பின்னர்தான் பரவலாயிற்று. ஸ்பிரிங்கின் வேலை வேறு, ஷாக் அப்சார்பரின் வேலை வேறு என்பதை அந்தப் பழங்கருவி தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அது மீண்டும் மீண்டும் துள்ளாமல் அடக்குவது மற்றதன் பொறுப்பு. ஒன்றைக் கடினமாக்கிவிட்டு மற்றதை அப்படியே விடுவது பாதி வேலை.

கேப்ரியல் இந்தியா தொடங்கப்பட்டது 1961இல். சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு உருவாகத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

ஹெரால்டின் கதை இங்கிலாந்தில், ஒரு வணிக நெருக்கடியில் தொடங்குகிறது. ஸ்டாண்டர்ட் நிறுவனத்திற்குக் காரின் உடற்கூடுகளைச் செய்து தந்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை, 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. சேஸிஸும் கூடும் ஒன்றாக இணைந்த நவீன முறைக்கு மற்றவர்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஸ்டாண்டர்டுக்கு அந்த வழி அடைபட்டது. எனவே தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட்டுப் போட்டு இணைக்கும் தகடுகள் என்று பழைய பாதைக்கே திரும்பினார்கள். இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் தந்தார். 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. முன்பக்க மூடி முழுவதும் சக்கர வளைவுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். பழுதுபார்ப்பவர் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். ஏழரை மீட்டர் அளவேயான வட்டத்திற்குள் கார் திரும்பிவிடும். துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுபோய் வேறு நாட்டில் பூட்டவும் இந்த அமைப்பு வசதியாக இருந்தது. நெருக்கடியில் பிறந்த குறை, சென்னைக்கு நிறையாயிற்று.

இங்கே நமக்கு வேண்டியது பின்சக்கரங்கள். அக்காலத்து மலிவு விலைக் கார்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் லாரியைப் போல ஒரே நீண்ட ஆக்ஸில் இருந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்களோ ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கக்கூடியவை. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இருபுறமும் போகும் தண்டுகளுக்கு உள்முனையில் மட்டுமே மூட்டு. நம் தோளிலிருந்து கை வீசுவதைப் போல, சக்கரத்தோடு சேர்ந்து தண்டு மேலும் கீழும் வீசும். ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்கே அமர்ந்து, இருமுனைகளாலும் இரு சக்கரங்களைத் தாங்கும். ‘ஸ்விங் ஆக்ஸில்’ என்று இதற்குப் பெயர்.

இதன் நன்மை, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றது அதைப் பொருட்படுத்தாது என்பது. தீமை, சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறுகிறது என்பது. ஆட்கள் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், சக்கரங்களின் அடிப்பகுதி வெளியே விரியும். தவளை உட்கார்ந்ததுபோல் இருக்கும். பின்பக்கம் உயர்ந்தால், அடிப்பகுதி உள்ளே மடங்கும். பாரம் இறக்கிய கழுதை கால்களைச் சேர்த்து நிற்பதுபோல் இருக்கும். வேகமாக வளைவில் திரும்பும்போது, அதிலும் பயந்துபோய் நடுவளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பகுதி மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் காரின் அடியில் மடங்கும். பிடிப்பு சட்டென்று போய் வண்டி சுழலும்.

கழுதையைப் போல் உயர்ந்து நிற்பதே அபாயம், தவளையைப் போல் தாழ்ந்து கிடப்பது பார்வைக்கு அசிங்கமானாலும் வளைவில் பாதுகாப்பானது. பட்டறைக்காரரின் கூடுதல் பட்டை ஏன் தவறான வைத்தியம் என்பதற்கு விடை இதுதான். லாரியில் பட்டையைக் கூட்டினால் உயரமும் தாங்குதிறனும் கூடும். ஆக்ஸில் ஒரே துண்டு என்பதால் சக்கரத்தின் சாய்வு மாறாது. ஹெரால்டிலோ கூட்டிய ஒவ்வொரு பட்டையும் சக்கரத்தை உள்ளே மடக்கத் தயாராக்கி வைக்கிறது. கார் நிமிர்ந்து கம்பீரமாகத் தெரியும். சூளகிரிக்கு அப்பால் வரும் இறக்கங்களில், முன்னால் போகும் லாரி திடீரென்று தடம் மாறும் கணத்தில்தான் அந்தக் கம்பீரத்தின் விலை தெரியவரும்.

இக்குறை ஹெரால்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1960இல் வந்த ஷெவர்லே கார்வெயிர் காரின் பின்பக்கமும் ஸ்விங் ஆக்ஸில்தான். எஞ்சினும் பின்னால் இருந்ததால் சிக்கல் பெரிதாயிற்று. முன்பக்க டயர்களில் காற்றைப் பாதிக்கு அருகில் குறைத்து வைத்து நிறுவனம் சமாளிக்கப் பார்த்தது. சாய்வைக் கட்டுப்படுத்தும் தண்டு தொடக்க ஆண்டுகளில் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் பொருளாகவே இருந்தது. ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியதுதான். உயிரைக் காக்கக்கூடிய ஒரு பாகத்தை மேம்பாடு என்று பெயரிட்டு வாங்குபவர் தலையில் கட்டலாமா என்ற கேள்விக்கு அந்நூல் அழுத்தம் தந்தது. 1972இல் வந்த அரசு ஆய்வு, அக்காலத்து மற்றக் கார்களோடு ஒப்பிட்டால் கார்வெயிர் தனிப்பட ஆபத்தானதல்ல என்று முடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நேடரை மேற்கோள் காட்டுவோர் பலர் இதை விட்டுவிடுவார்கள்.

ஹெரால்டின் சேஸிஸைக் கொண்டே இங்கிலாந்தில் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் விளையாட்டுக் கார் பிறந்தது. வேகமான காரில் பின்சக்கரங்களின் குணம் இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. நிறுவனத்தின் பொறியாளர்கள் இரண்டு தீர்வுகளைக் கண்டார்கள். 1968இல் ஜி.டி.6 காரில் கீழ்க்கையும் ரப்பர் இணைப்பும் சேர்த்து, தண்டின் வெளிமுனைக்கும் அசைவு கொடுத்தார்கள். நல்ல தீர்வு, ஆனால் செலவு அதிகம். 1970இன் ஸ்பிட்ஃபயரில் செய்தது இன்னும் நுட்பமானது, மலிவானதும்கூட. குறுக்குப் பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் தராசுக்கோல்போல் ஊசலாடும்படி விட்டார்கள். வளைவில் காரின் உடல் சாயும்போது ஸ்பிரிங் எதிர்த்து நிற்காது. அதனால் பின்பகுதி எழும்புவதும் குறைந்தது. பின்னால் சாய்வுத்தடை குறைந்துவிட்டதால் அதை ஈடுகட்ட முன்னால் உள்ள தண்டைப் பருமனாக்க வேண்டியிருந்தது. சஸ்பென்ஷனில் எதையும் தனியாக மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

சென்னை என்ன செய்தது? 1948இல் அமைக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 948 சி.சி. எஞ்சினோடு ஹெரால்டைத் தந்தது. இங்கிலாந்தில் எஞ்சின் 1147, பிறகு 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போக, இங்கே அதே எஞ்சின் நீடித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உள்நாட்டுப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்த காலம் அது. 1972இல் ஹெரால்டின் வழிவந்த ‘கெஸல்’ என்ற நான்கு கதவுக் காரை நிறுவனம் கொண்டுவந்தபோது, பின்பக்கத்துத் தனித்தனிச் சக்கரங்களைக் கைவிட்டு அம்பாசடரைப் போன்ற ஒரே ஆக்ஸிலைப் பூட்டியது. வாங்குவோர்க்கும் பழுதுபார்ப்போர்க்கும் ஸ்விங் ஆக்ஸில் பிடிக்கவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

பிடிக்காமற் போனதற்கு வளைவில் சுழன்றுவிடும் அச்சம் மட்டுமே காரணமாக இருந்திருக்குமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. 948 சி.சி. எஞ்சினும் அன்றைய சாலைகளும் அந்த வேகத்திற்கு அதிகம் இடம் கொடுத்திருக்கமாட்டா. குடும்பமே ஏறி, மேலே பெட்டிகளும் கட்டி, கார் நிரந்தரமாகத் தவளையாகவே ஓடியிருக்கும். சாய்ந்த சக்கரத்தில் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். டயரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியிருந்த காலத்தில் அது நடுத்தர வர்க்கத்து உரிமையாளர் பொறுத்துக்கொள்ளக்கூடிய விஷயமன்று. இங்கிலாந்து பாதுகாப்பையும் வேகத்தையும் எண்ணி ஸ்பிரிங்கைத் திருத்தியது. சென்னை பாரத்தையும் பட்டறையையும் எண்ணி ஆக்ஸிலையே மாற்றியது என்று கொள்வது பொருத்தமாக இருக்கும். பொறியியல் நோக்கில் பின்வாங்கல்தான். ஆயினும் நெடுஞ்சாலைப் பட்டறைக்காரரின் அறிவு செல்லுபடியாகும் காராகக் கெஸல் ஆயிற்று. அதில் தாராளமாக ஒரு பட்டை கூட்டலாம்.

கெஸல் வெகு சிலவே உருவாயின. 1977இல் நிறுவனம் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் மீண்டு வந்தபோதும் அதே பிரச்சினையே வேறு உருவில் எதிர்ப்பட்டது. 1977ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்று தேர்வான ரோவரின் உடல் அது. இங்கிலாந்தில் முதலில் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு வந்த கார். இங்கே 1940களின் வேன்கார்டு மரபில் வந்த இரண்டு லிட்டர் எஞ்சினைச் சுமந்தது. நம் சாலைகளுக்காகத் தரையிலிருந்து அதன் உயரம் கூட்டப்பட்டது. தாழ்ந்து பாய்வதற்கென்று வரையப்பட்ட உருவத்தை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கவைத்தது போலாயிற்று. விலையும் எஞ்சினும் கைகொடுக்கவில்லை. 1988இல் எல்லாம் முடிந்தது.

ஓசூர் எல்லைக்கு அப்புறம் பெங்களூரில் இதற்கு நேர்மாறான ஒரு சோதனை நடந்தது. 1982இல் சிபானி நிறுவனம், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவி டால்ஃபின் என்ற காரைக் கொண்டுவந்தது. கண்ணாடியிழை உடல், 848 சி.சி. எஞ்சின், பின்னால் சாதாரண ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்குகளுமே. எடை மிகக் குறைவு என்பதால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினார்கள். சோழவரம் போன்ற களத்தில் எடைக்குறைவு பெரிய வரம். அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம்; மேடுபள்ளமற்ற பரப்பு. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்படும் காலம்வரை சென்னையின் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே காரைத் தாழ்த்தி, ஸ்பிரிங்கைக் கடினமாக்கி ஓட்டுவதற்குப் பொருள் இருந்தது. விளையாட்டுக் கார் என்றால் தாழ்ந்தும் விறைத்தும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இப்படிப்பட்ட களங்களிலிருந்து சாலைக்கு வந்து சேர்ந்ததே. தேன்கனிக்கோட்டைப் பாதையின் வேகத்தடைகளுக்கு அந்த நியாயம் தெரியாது.

சரி, ஹெரால்டு வைத்திருப்பவர் இன்று என்ன செய்யலாம்? இங்கிலாந்தில் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஏராளமாகப் பிழைத்திருப்பதால், அவற்றின் சஸ்பென்ஷன் பாகங்கள் புதிதாகவே அங்கே செய்து விற்கப்படுகின்றன. எனவே தேர்வு உண்மையிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்துக் காரைத் தாழ்த்துவது அங்கே பரவலான, மலிவான வழி. வளைவில் உதவும் என்பதும் உண்மை. இங்கே சேஸிஸின் வயிறும் புகைக்குழாயும் வேகத்தடையில் இடிபடும். ஊசலாடும் குறுக்கு ஸ்பிரிங்கை வாங்குவது வேறு வகை. அதை ‘மேம்பாடு’ என்ற பட்டியலில் சேர்ப்பது நம் பார்வையில் தவறு. தயாரித்தவரே தம் பிழையை உணர்ந்து செய்த திருத்தம் அது. காரை அடிக்கடி நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் அதையும், கூடவே பருமனான முன் தண்டையும் சேர்த்துப் பூட்டுவதே முறை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டும் ஊருக்குள் ஓட்டுபவருக்குப் பழைய அளவிலேயே வளைவேற்றிய ஸ்பிரிங்கும், நல்ல எண்ணெய் ஷாக் அப்சார்பரும் போதும். ரப்பர் புஷ்களுக்குப் பதிலாகக் கடினமான பாலியூரித்தேன் புஷ்களைப் போடச் சொல்வோர் உண்டு. அறுபது ஆண்டுத் துருவைத் தாங்கி நிற்கும் சேஸிஸுக்குள் ஒவ்வொரு அதிர்வையும் நேராக அனுப்ப வேண்டிய அவசியம் என்ன என்று நமக்கு விளங்கவில்லை.

சட்டமும் ஒரு சொல் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 2022 ஏப்ரலில், பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. பழைய காருக்கு ஆய்வாளர் முன் நிற்கும் நாள் தவறாமல் வரும் என்பதால், கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் வைத்திருப்பது நல்லது. ஹெரால்டைப் பொறுத்தவரை அந்த ‘முதலில் குறித்த’ தயாரிப்பாளரே இப்போது இல்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, பின்சக்கரங்களைப் பற்றிய இத்தனை பேச்சில் மறந்துபோகக்கூடிய முன்சக்கரங்களைப் பற்றி. ஹெரால்டின் முன்பக்கத்தில், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு கீழே வெண்கலத்தாலான ட்ரனியன் என்ற மரைக்குமிழுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரைக்குள்ளேயே திரும்பும். தயாரிப்பாளரின் கையேடு இதற்குக் கியர் எண்ணெய் இடச் சொன்னது. கிரீஸ் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் பட்டறைகள், மற்ற எல்லா நிப்பிள்களிலும் அடிப்பதைப் போல இதிலும் கிரீஸை அடித்தன. கிரீஸ் மரையின் அடிவரை போவதில்லை. நாளடைவில் நீர் புகுந்து தண்டு அரித்து, ஒருநாள் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். இங்கிலாந்துக் கார்ச் சங்கங்களில் எண்ணெயா கிரீஸா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நாம் எண்ணெய்க் கட்சி. இறக்குமதி ஸ்பிரிங்குக்குச் செலவு செய்யப் போகிறவர், அதற்குமுன் இரு முன்சக்கரங்களையும் கழற்றி அந்த மரைத்தண்டுகளைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கட்டும். துருவோ கீறலோ தெரிந்தால், முதலில் வாங்க வேண்டியவை அவைதாம்; அதே பழைய அளவில், ஒரு குப்பி கியர் எண்ணெயோடு.